முடுப்பில் இருந்த கால் வராகன்

முரகம்பட்டு, சித்தூர்
ஆனி 12

அன்பு மகள் யாமினிக்கு அம்மா எழுதுவது. சாமி புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தக்கபடி உடுத்தி, நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். தினமும் வீடியோவில் முகம் பார்த்துக்கொள்கிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். வீடியோவில் பேசும்போது உன் நைனா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பற்றிய பேச்சை அவர் எதிரில் எப்படிப் பேசுவது. எதிர்வீட்டுத் திருவேங்கடம் அண்ணன் மகள் கலைவாணி அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் ஆவக்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை உடனே கண்ணாடி ஜாடிக்கு மாற்றிவிடு, பிளாஸ்டிக்கில் வைக்காதே.

தை பிறந்ததும் உன் நைனாவுக்குத் திருப்பதியில் கண்புரை ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். நல்லபடியாக முடிந்தது என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். அதற்குப் பிறகு நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவில்லை. ஒரு மாதம் எதையும் உற்றுப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேப்பர் கிடையாது, அவருடைய காசு ஆல்பமும் கிடையாது. பஸ் கண்டக்டர் வேலையில் சேர்ந்த வருஷத்திலிருந்து அவர் சேர்த்த வெள்ளிக் காசுகள், மொத்தம் நாற்பத்தொன்று, ஒவ்வொன்றையும் எங்கே வாங்கினார், யாரிடம் வாங்கினார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். நாளைக்கு ஆல்பத்தைத் திறக்கலாம் என்ற நிலையில், முதல் நாள் அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். புதுக் கண்ணில் பார்க்கப் போகிறாரே, காசெல்லாம் கரிப்பிடித்துக் கிடக்கிறதே என்று எனக்குத் தோன்றிற்று. புளியைக் கரைத்து ஊறப்போட்டு, பூஜைப் பாத்திரம் துலக்கும் பொடியைப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் ஒன்று விடாமல் தேய்த்தேன். சாயந்தரம் பார்த்தால் நாற்பத்தொன்றும் இன்றைக்குக் கடையில் வாங்கிய கொலுசு போல மின்னிற்று. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

மறுநாள் காலை அவர் ஆல்பத்தைத் திறந்தார். முதல் பக்கம் பார்த்தார், இரண்டாவது பக்கம் பார்த்தார், அப்புறம் மூடிவிட்டார். "இன்னா பண்ணிட்ட பத்மினி" என்று மட்டும் கேட்டார். கத்தியிருந்தால் பரவாயில்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொண்டார், வாயைத் திறக்கவில்லை. நாலாவது நாள் நானே போய் எதிரில் உட்கார்ந்து, நான் செய்த தப்பு என்ன என்று சொல்லிக் கொடுங்கள், தெரிந்துகொள்கிறேன் என்றேன். அவர் பூதக்கண்ணாடியைக் கொடுத்து ஒரு காசைப் பார்க்கச் சொன்னார். முகம் முழுக்க மெல்லிய கீறல், பூனை பிராண்டியது போல. "வெள்ளி மேல நூறு வருஷமா படியற கறுப்பு அழுக்கு இல்ல, அது தோலு மாதிரி. ஒருக்கா உரிச்சிட்டா மறுபடி வராது" என்றார். அதிலும் அவருக்கு உயிரானது ஒரு கால் வராகன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் மெட்ராஸில் அடித்தது, ஒரு பக்கம் கோபுரமும் நட்சத்திரங்களும், மறுபக்கம் தாமரையிலிருந்து எழும் பெருமாள், அவரைச் சுற்றிக் கால் பூ வராகன் என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருக்கும். நம் வீட்டுப் பேச்சு மாதிரியே இரண்டும் கலந்த காசு என்று அவர் சொல்லிச் சிரிப்பது உனக்கும் ஞாபகம் இருக்கும். பன்னிரண்டு வருஷம் தேடி வாங்கியது. அதில் பெருமாளின் மூக்கும் வாயும் என் பிரஷ்ஷில் மழுங்கிவிட்டன.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேறு ஒன்று தேடலாம் வாங்க, நானும் வருகிறேன் என்றேன். அவர் நம்பிக்கை இல்லாமல்தான் கிளம்பினார். முப்பத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் காசு தேடப் போகும்போது நான் ஒருநாளும் கூடப் போனதில்லை. போன பிறகுதான் அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரிந்தது. திருப்பதியில் கோவிந்தராஜ சாமி கோயில் பக்கத்தில் நாலைந்து பேர் பழங்காசு விற்கிறார்கள். முதல் ஆளிடம் கேட்டதும், "சார், ஒரிஜினல் காவாலா, இல்ல பாக்க நல்லா இருந்தா போதுமா" என்று கேட்டான், அதிலிருந்தே புரிந்துகொள். ஒரு தட்டு நிறையக் கால் வராகன் வைத்திருந்தான், எல்லாம் அச்சில் ஊற்றிய போலி, ஓரத்தில் ஒட்டுக்கோடு தெரிகிறது. நிஜமானது கிடைத்தால் அதில் வளையம் பற்றவைத்திருக்கும், யாரோ கழுத்தில் போட்டது. வளையம் இல்லாவிட்டால் ஓட்டை இருக்கும். ஓட்டையும் இல்லாவிட்டால் என்னைப் போல ஒரு புண்ணியவதி துலக்கி வைத்திருப்பாள். வெள்ளி விலை ஏறினதிலிருந்து பாதி ஜனம் காசையெல்லாம் உருக்கிக் கொலுசாக்கிவிட்டார்களாம். மாசி முழுவதும் அலைந்தோம். புத்தூர் போனோம், பாலசமுத்திரத்தில் ஒரு வீட்டில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு பஸ் மாறிப் போனோம், அங்கே அது ஏற்கெனவே பேத்திக்கு அரைஞாண் ஆகியிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வெயிலில் அலைந்த களைப்பிலும் எனக்கு மனசு குளிர்ந்தது.

பங்குனியில் சித்தூர் கடைவீதியில் ஏகாம்பரம் ஆச்சாரியைப் பார்த்தோம், உன் காதுகுத்துக்குத் தோடு செய்தாரே அவர்தான். உருக்க வந்த காசுகளில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கத்தான் போனோம். அவர் ஒரு விஷயம் சொன்னார். கங்காதர நெல்லூரிலிருந்து மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் வேலை செய்கிற ஒரு அம்மா வந்தாளாம், அலர்மேல்மங்கை என்று பேர். சாமிக்கு முடிந்து வைத்த முடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து, மஞ்சள் துணியை எலி கடித்துவிட்டது, இதை ஒரு வெள்ளிக் குப்பியில் வைத்துத் தர முடியுமா என்று கேட்டாளாம். கிழிசல் வழியாக ஆச்சாரி ஓரத்தைப் பார்த்திருக்கிறார். "கோவர்த்தனன் சார், நாப்பது வருஷமா வெள்ளியோட கெடக்கறேன், அப்படி ஒரு கால் வராகன பாத்ததில்ல. கறுத்திருக்குது, ஆனா கோபுரத்துல அடுக்கு அடுக்கா எண்ணலாம்" என்றார். விலைக்குக் கேட்டதும் அவள் முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாளாம். உன் நைனா அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

மறுநாளே ஆச்சாரி சொன்ன அடையாளத்தை விசாரித்துக்கொண்டு கங்காதர நெல்லூர் போனோம். ஊருக்கு வெளியே சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. அலர்மேல்மங்கைக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். அவள் புருஷன் கருப்பன் போர்வெல் லாரியில் வேலை, ஒரே மகள் சந்தியா நர்ஸ் படிக்கிறாள். நான் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், புளி போட்டுத் துலக்கிய கதையையும் சேர்த்து. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நானா இருந்தாலும் அதத்தான்க்கா பண்ணியிருப்பேன்" என்றாள். அப்புறம் உள்ளே போய் அரிசி டிரம்மிலிருந்து முடுப்பை எடுத்து வந்தாள். அது யார் முடிந்தது தெரியுமா யாமினி, கருப்பனுடைய தாத்தாவுக்கு அப்பா. அவர் ஒரு பெரிய குடும்பத்து நிலத்தில் கூலி. கிணறு ஆழம் வெட்டும்போது ஒரு பானை கிடைத்ததாம், நிறையக் காசு. அவர் அதை அப்படியே கொண்டுபோய் நிலத்துக்காரரிடம் கொடுத்தார். நிலத்துக்காரர் அதிலிருந்து ஒரே ஒரு காசை எடுத்து அவர் கையில் வைத்தாராம். அந்தக் காசை அவர் மஞ்சள் துணியில் முடிந்து, "சாமி, என் வம்சத்துல என்னிக்காவது ஒருத்தன் காலு சொந்த மண்ணுல நிக்கணும், அன்னிக்கு இத கொண்டாந்து உனக்குப் போடுவாங்க" என்று வேண்டிக்கொண்டாராம்.

நாலு தலைமுறை. அம்மை கண்ட வருஷமும் மழை பொய்த்த வருஷங்களும் வந்து போயின, வீட்டில் அண்டா குண்டா எல்லாம் அடகுக்குப் போயின, இந்த முடிச்சை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை. "சந்தியாவ காலேஜ்ல சேக்கறப்ப ஒரு நாளு டிரம்ம தொறந்து பாத்துக்கினு நின்னேங்க்கா. கை போயிடுச்சி. அப்புறம் மூடிட்டேன். முன்ன மூணு தலமுறை கை போயி திரும்பி வந்த எடத்துல என் கை மட்டும் எடுக்கலாமா" என்றாள் அலர்மேல்மங்கை. போன கார்த்திகையில் அவர்கள் இருவர் சம்பாத்தியத்திலும் சீட்டுப் பணத்திலுமாகத் தொண்ணூறு சென்ட் நிலம் வாங்கினார்கள். இந்த மாசிதான் கருப்பன் பேருக்கு நிலத்துப் பட்டா பாஸ்புக் வந்தது. பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்த அதையும் கொண்டுவந்து காட்டினார்கள். ஆக, வேண்டுதலை முடிக்க வேண்டிய வருஷம் இதுதான்.

துணி இற்றுப்போய்விட்டது, பிரித்துப் புதுத் துணியில் முடிய வேண்டும், பிரிக்கப் பயமாக இருக்கிறது, காசு தெரிந்த மனுஷர் நீங்களே பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். உன் நைனா கையைக் கழுவித் துடைத்து, தரையில் துண்டை விரித்து, ஒவ்வொரு இழையாக எடுத்தார். உள்ளே இருந்த காசை ஓரத்தில் பிடித்துத் தூக்கினார் பார், எனக்கே தெரிந்தது. மழைமேகம் போல ஒரு நிறம், நீலமும் கறுப்பும் கலந்து. அதற்குள் பெருமாள், மூக்கு, வாய், கிரீடத்தில் இருக்கும் புள்ளிகள் வரை. அவர் தமிழ் எழுத்தைப் படித்துக் காட்டினார், தெலுங்கு எழுத்தைச் சந்தியா படித்தாள். கருப்பன் எட்டிப் பார்த்து, "இத்தினி வருஷமா இதுல எழுத்து இருக்கறதே எங்களுக்குத் தெரியாது சார்" என்றார்.

அப்போது உன் நைனா கேட்டுவிட்டார். கேட்க மாட்டார் என்று நினைத்தேன், கேட்டுவிட்டார். "தப்பா நெனைக்காதீங்க, என்கிட்ட இருக்கற வெள்ளி ரூபா பத்து தர்றேன். சாமிக்கு அத போடுங்க, இத எனக்குக் குடுங்க" என்றார். எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. அலர்மேல்மங்கை கோபித்துக்கொள்ளவில்லை. "சார், நீங்க நூறு குடுத்தாலும் அது உங்க காசு. பட்டினி கெடந்து நாங்க தொடாம வச்சது இது ஒண்ணுதான்" என்றாள். அவர் உடனே தலையசைத்தார். புது மஞ்சள் துணியில் தானே முடிந்து, இரண்டு கையாலும் கொடுத்தார். கிளம்பும்போது ஒரு கூடை மாங்காய் கொடுத்தனுப்பினார்கள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. இதோ நீ சாப்பிடப் போகிற ஊறுகாய் அந்த மாங்காய்தான்.

சித்திரையில் அவளே ஃபோன் செய்து, திருமலைக்குப் போகிறோம், நீங்கள் இரண்டு பேரும் கூட வரணும் என்று கூப்பிட்டாள். ஐந்து பேருமாகத் திருப்பதியில் சேர்ந்து மலைக்குப் பஸ் ஏறினோம். கூட்டமான கூட்டம். கியூவில் நெருக்கியடிக்கத் தொடங்கியதும் அவள் உன் நைனாவிடம் வந்து, "சார், நீங்க வச்சிக்கினா எனக்கு பயமில்ல, நான் தவற வுட்டுடுவேன்" என்று முடுப்பை அவர் கையில் கொடுத்துவிட்டாள். ஏழு மணி நேரம் யாமினி, அவர் வலது கையை மூடியபடியே இருந்தார். பால் கொடுத்தார்கள், இடது கையால் வாங்கிக் குடித்தார். அலர்மேல்மங்கை பாட்டுக்கு என்னோடு உங்கள் ஊர்க் குளிரைப் பற்றியும் சந்தியாவின் பரீட்சையைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தாள். தரிசனம் முடிந்து உண்டியலுக்கு வந்தோம். அவர் கையைத் திறந்து கொடுத்தார். அவளும் கருப்பனும் மகளும் மூன்று பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டு போட்டார்கள். சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு ஜனம். கருப்பன் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே நின்றார், பின்னால் இருந்தவர்கள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் உன் நைனா சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் மடியில் வைத்தார். பார்த்தால் நான் துலக்கிய அந்தக் கால் வராகன், ஒரு மஞ்சள் துணியில் முடிந்தபடி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்கு எடுத்துக்கினு வந்தேன்னு வூட்ல கெளம்பறப்ப எனக்கே சொல்லிக்கல பத்மினி. கியூவுல அந்தம்மா முடுப்ப என் கையில குடுத்ததும் தெரிஞ்சிபோச்சி. ரெண்டும் ஒரே அளவு, ஒரே துணி. மாத்திட்டா அவங்களுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது" என்றார். அப்புறம் ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். "ஏழு மணி நேரம். அந்தம்மா ஒருக்காகூட திரும்பி என் கைய பாக்கல" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இறுக்கி மூடியே வைத்திருந்ததில் உள்ளங்கையில் நகம் பதிந்து சிவந்திருந்தது.

இதை உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்றால், உன் நைனாவைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல. அவர் எடுத்துக்கொண்டு போனதை நினைத்து நான் வருத்தப்படவில்லை, திருப்பிக் கொண்டுவந்ததையும் என்னிடம் சொன்னதையும் நினைத்துத்தான் தினமும் விளக்கேற்றும்போது கும்பிடுகிறேன். சொல்லாமலே இருந்திருந்தால் எனக்கு ஆயுசுக்கும் தெரிந்திருக்காது. நல்ல நிலையில் ஒரு காசு ஏன் கிடைப்பதில்லை என்று மாசியெல்லாம் அலைந்தோம். கடையில் இருப்பவை எல்லாம் யாரோ சோற்றுக்கும் கல்யாணத்துக்கும் மருந்துக்கும் செலவழித்தவை, அவை தேயாமல் எப்படி இருக்கும். அப்படி ஒன்று தேயாமல் இருக்க ஒரு குடும்பம் என்ன பாடுபட்டது என்று பார்க்கக் கொடுத்துவைத்ததே எங்களுக்குப் பெரிசு. இப்போது அவர் ஆல்பத்தைத் திறந்தால் என்னையும் கூப்பிடுகிறார். நானும் பூதக்கண்ணாடியில் பார்க்கிறேன். சில காசில் என் கீறலைக் காட்டிக் கிண்டல்கூடச் செய்கிறார்.

போன வாரம் மழை பெய்ததும் அலர்மேல்மங்கை நிலத்தில் வேர்க்கடலை விதைக்கிறார்கள் என்று கூப்பிட்டாள், போயிருந்தோம். நாலு மூலையும் எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடந்தேன், செம்மண் காலில் அப்பிக்கொண்டது. கருப்பன் லீவு போட்டுவிட்டு வந்து ஏரில் சால் பிடித்தார். சந்தியா பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம், வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள். அவள் நம்பரைக் கலைவாணியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீயே கூப்பிட்டுப் பேசு கண்ணு, தள்ளிப்போடாதே, அந்தப் பெண்ணுக்கு நம்மால் ஆனதைச் செய்ய வேண்டும்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதம். நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் மறைக்க ஒன்றும் இல்லாமல், மனசு நிறைந்து, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். வெயில் வந்தால் வெளியே உட்காருங்கள், வைட்டமின் மாத்திரையை நிறுத்தாதே. இன்னொன்று முக்கியம், மறந்துவிடாதே. இந்தக் கதையை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று உன் நைனா ஒரு மாதமாகத் துடித்துக்கொண்டிருக்கிறார். வீடியோவில் முகத்தைப் பார்த்ததும் கூச்சப்பட்டு, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு ஃபோனை என்னிடம் கொடுத்துவிடுகிறார். என்றைக்காவது ஒருநாள் தைரியம் வந்து சொல்லத் தொடங்குவார். அப்போது குறுக்கே பேசாமல், முதல் முறை கேட்பது போலவே கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
கோ. பத்மினி